அட்டைப்பெட்டியில் ஒரு பள்ளிக்கூடம்

குழந்தைகளுக்கு ஏற்படும் ஏ.எல்.எல். வகை இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை பொதுவாக 2 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது. தொற்று அபாயம் மிகுந்த தொடக்க மாதங்களில் குழந்தை பெரும்பாலும் பள்ளிக்குச் செல்ல இயலாது. மீண்டும் செல்லும் நாளை எதிர்பார்க்கும் அதே குழந்தை, அந்நாளை எண்ணி அஞ்சவும் செய்கிறது. அவ்வச்சத்தை வாய்விட்டுச் சொல்லாத குழந்தையும் விளையாட்டில் வெளிப்படுத்திவிடுவதுண்டு.

ஆகவே, வீட்டில் குழந்தையுடன் சேர்ந்து ஒரு பொம்மைப் பள்ளியை அமைக்குமாறு பெற்றோரிடம் கூறுகிறோம். காலணிப் பெட்டி வகுப்பறையாகும். வெற்றுத் தீப்பெட்டிகள் மேசைகளாகும். கறுப்புத் தாள் கரும்பலகையாகும். தூசியற்ற, தூய பொருள்களையே பயன்படுத்துங்கள். விளையாட்டுக்கு முன்னும் பின்னும் கைகளைக் கழுவுங்கள். இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் கத்தரிக்கோலைப் பெரியவர்களே கையாள வேண்டும். வீட்டில் 3 வயதுக்குட்பட்ட குழந்தை இருப்பின், விழுங்கக்கூடிய மணி, பொத்தான் போன்றவற்றைத் தவிருங்கள்.

எந்தப் பொம்மை எங்கே அமர்வது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கட்டும். முடியில்லாத பொம்மையைக் கடைசி வரிசையில் தனியே அமர்த்தினால், இடத்தை மாற்றாதீர்கள், "இவள் என்ன நினைக்கிறாள்?" என்று மட்டும் கேளுங்கள். கிடைத்த விடையை அடுத்த வருகையின்போது எங்களிடம் தெரிவியுங்கள். குழந்தை பள்ளிக்குத் திரும்புமுன் ஆசிரியரிடம் எதைப் பேச வேண்டும் என்பதை அவ்விடையிலிருந்தே நாங்கள் அறிந்துகொள்கிறோம்.