பிளாக் மழையை நிறுத்துவது எப்படி? என்பிஏ 2கே ஆடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என்பிஏ 2கே வரிசையில் எந்தப் பதிப்பை எடுத்தாலும் இரண்டில் ஒரு புகார் உண்டு. லேஅப் போட ஏறினாலே எங்கிருந்தோ ஒரு கை வந்து தட்டிவிடுகிறது. அல்லது ஏழடி சென்டர் ரிங்குக்குக் கீழே பொம்மை மாதிரி நிற்கிறார். உடனே எல்லோரும் ‘பிளாக்கிங்’ ஸ்லைடரில் போய்க் கை வைக்கிறார்கள். அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பது என் கட்சி. எண்ணிக்கை சரியாக வந்தாலும், தட்டக் கூடாத ஆள் தட்ட முடியாத ஷாட்டைத் தட்டினால் ஆட்டம் பொய்யாகத்தான் தெரியும்.

1. முதலில் கணக்கு

நிஜ என்பிஏவில் ஓர் அணி 48 நிமிடத்தில் சராசரியாக 5 பிளாக் எடுக்கிறது. எதிரணி 90 ஷாட் அளவுக்கு எடுக்கும் ஆட்டத்தில் அவ்வளவுதான். குவார்ட்டருக்கு 5 நிமிடம் வைத்து ஆடுகிறீர்கள் என்றால் மொத்தமே 20 நிமிடம். அணிக்கு 2 பிளாக் வந்தால் அதுவே நியாயமான கணக்கு. 7 வந்தால், முழு நேரத்துக்கு அது 17 ஆகிவிடும். லேக்கர்ஸ் சென்டர் எல்மோர் ஸ்மித் 1973 அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் எடுத்தது 17. தனிநபர் சாதனையாக அது இன்னும் நிற்கிறது. உங்கள் வரவேற்பறையில் தினமும் அது நடந்தால் எங்கோ கோளாறு.

எனவே குவார்ட்டரை 12 நிமிடமாக்குங்கள். அணி தேர்ந்தெடுக்கும் திரையில் கன்ட்ரோலரை நடுவிலேயே விட்டுவிட்டால் கம்ப்யூட்டரே இரண்டு பக்கமும் ஆடும். அப்படிச் சில ஆட்டங்களை, வெவ்வேறு அணிகளை வைத்து ஓடவிடுங்கள். பாக்ஸ் ஸ்கோரை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு பிளாக்குக்கும் தட்டியது யார், எந்த இடத்தில், தன் ஆளையா அடுத்தவர் ஆளையா என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நிஜ அணிகளே ஒரு நாள் 1, இன்னொரு நாள் 10 என்று ஆடுபவைதான்.

கம்ப்யூட்டர் தனக்குள் ஆடும்போது எண்ணிக்கை ஒழுங்காக வந்து, நீங்கள் ஆடும்போது மட்டும் எகிறினால் குற்றம் ஸ்லைடரில் இல்லை. நேராக ஏழாவது படிக்குப் போய்விடலாம்.

2. ஆட்களைச் சரிசெய்யுங்கள்

நேரம் அதிகம் தின்னும் வேலை இதுதான். பலனும் இதில்தான் அதிகம். ரோஸ்டர் எடிட்டில் ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு வகை எண்கள் இருக்கும். பிளாக் திறன் என்பது எகிறினால் தட்டுவாரா என்பதைச் சொல்வது. பிளாக் டென்டென்சி என்பது எகிறுவாரா என்பதையே தீர்மானிப்பது. பிளாக் மழைக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். ஆறடி கார்டுகள் எல்லா ஷாட்டுக்கும் தவளை மாதிரி குதித்தால், திறன் குறைவாக இருந்தாலும் சிலது கையில் பட்டுவிடும். கார்டுகளின் டென்டென்சியை நன்றாக இறக்குங்கள்.

எல்லா கார்டுகளையும் ஒரே தராசில் போட்டுவிடவும் கூடாது. பாஸ்டன் கார்டு டெரிக் ஒயிட் 2023-24 சீசனில் ஆட்டத்துக்கு 1.2 பிளாக் எடுத்தார். அவரை மாதிரி ஆட்களை விட்டுவையுங்கள். மறுகோடியில் விக்டர் வெம்பன்யாமா அதே சீசனில், தன் முதல் ஆண்டிலேயே, 3.6 எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தார். உங்கள் ஆட்டத்தில் அவருக்கு 8 வந்தால் நம்பாதீர்கள். ஒரு சீசன் சராசரியின் உச்சமே 1984-85இல் யூட்டாவின் மார்க் ஈட்டன் எடுத்த 5.56தான்.

3. எங்கிருந்து வருகிறது பிளாக்

தன் ஆளை நேருக்கு நேர் மறிப்பவர் தட்டுவது குறைவு. அவரைத் தாண்டி வந்தவனை, ரிங் பக்கம் காத்திருந்த இன்னொருவர் வந்து தட்டுவதே நிஜத்தில் அதிகம் பார்ப்பது. ‘ஹெல்ப் டிஃபென்ஸ் ஸ்ட்ரெங்த்’ ஸ்லைடர் இதற்கானது. சென்டர் பொம்மையாக நின்றால் அதை ஏற்றுங்கள். மூன்று பாயிண்ட் ஷாட்டுகள் அடிக்கடி தட்டப்பட்டால் ‘கான்டெஸ்ட் ஷாட்ஸ்’ ஸ்லைடரை இறக்குங்கள்.

எதை மாற்றினாலும் 5 புள்ளிக்கு மேல் ஒரே தாவலாக வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடர்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

4. ஃபவுல்

தட்டப் போகிறவனுக்கு விலை இருக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சுமார் 20 ஃபவுல் விழுகிறது. எல்லாவற்றுக்கும் எகிறும் சென்டர் மூன்றாவது குவார்ட்டரில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ‘ஷூட்டிங் ஃபவுல்’ அளவை ஏற்றினால் இந்தப் பயம் ஆட்டத்துக்குள் வரும். பக்கத்திலேயே ‘பிளாக்கிங் ஃபவுல்’ என்று ஒன்று இருக்கும். அது வழியை மறித்து மோதுவதற்கான ஃபவுல். ஷாட் தட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைத் தொடாதீர்கள்.

5. வேகம்

கேம் ஸ்பீடை ஏற்றி ஆடுபவர்கள் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். வேகம் கூடினால் எகிறலாமா என்று யோசிக்கும் நேரம் உங்களுக்குத்தான் குறைகிறது, கம்ப்யூட்டருக்கு அல்ல.

6. இப்போது பிளாக்கிங் ஸ்லைடர்

இவ்வளவும் செய்த பிறகும் எண்ணிக்கை மட்டும் தப்பாக இருந்தால் இதைத் தொடலாம். யூசர், சிபியூ என்று இரண்டு பக்கம் இருக்கும்; கம்ப்யூட்டர் உங்களை அதிகம் தட்டினால் சிபியூ பக்கத்தை மட்டும் குறையுங்கள். இதை அடிமட்டம் வரை இறக்கிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்பவர்கள் உண்டு. அப்புறம் வெம்பன்யாமாவும் வெறும் உயரமான ஆள்தான்.

7. உங்கள் கட்டைவிரல்

80 சென்டிமீட்டர் எகிறக்கூடியவர் உச்சியைத் தொட 0.4 விநாடி ஆகும். ஷாட் போடுபவர் கால் தரையை விடும்போது முக்கோண பட்டனையோ ஒய் பட்டனையோ அழுத்தினால்தான் கை நேரத்துக்குப் போய்ச் சேரும். அவர் பந்தைத் தூக்குவது போல் காட்டியதற்கே அழுத்தினால் நீங்கள் காற்றில், அவர் ரிங்கில். பந்து வைத்திருப்பவனை மறிக்கும் கார்டை வைத்துத் தட்ட முயலாதீர்கள். வலது ஸ்டிக்கை மேலே தள்ளிக் கையை மட்டும் உயர்த்துங்கள். பிளாக்கை உள்ளே இருக்கும் பெரியவருக்கு விடுங்கள்.

பின்னால் துரத்தி வந்து தட்டும்போது கோல்டெண்டிங் நினைவிருக்கட்டும். பந்து கீழிறங்கத் தொடங்கிய பிறகோ போர்டில் பட்ட பிறகோ கை வைத்தால் எதிரணிக்கு இரண்டு பாயிண்ட். 2016 ஜூன் 19, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் 89-89 என்றிருந்தபோது ஆண்ட்ரே இக்வடாலாவின் லேஅப்பை லெப்ரான் ஜேம்ஸ் தட்டியது செல்லுபடியானது, பந்து போர்டில் படும் முன்பே கை பட்டதால்தான். அவருக்குக் கிடைத்த இடைவெளி அவ்வளவு சின்னது.

எண்கள் பிடித்த இடத்தில் நின்றதும் ஸ்லைடர் தொகுப்பை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். ஆன்லைன் போட்டிகளில் இது எதுவும் செல்லாது. அங்கே உங்கள் வசம் இருப்பது ஏழாவது படி மட்டும்தான்.