முன்னாடி ஊசி போட்டீங்களா?

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

அம்பத்தூர் பக்கம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த முதல் வாரமே நாய்க்கடி வரிசையைப் பார்த்து மலைத்துப் போனதாகச் சொன்னீர்கள். மலைக்கிற கூட்டம்தான். 2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி ஏறத்தாழ 4.8 லட்சம், அந்த வருடம் ரேபிஸில் செத்தவர்கள் 43 பேர். அதே வருடம் சென்னை மாநகராட்சி தெருநாய்களைக் கணக்கெடுத்தபோது சுமார் 1.8 லட்சம் தேறியது. மண்டலவாரியாகப் பார்த்தால் உங்கள் அம்பத்தூருக்குத்தான் முதலிடம். ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி தனி நகராட்சி என்பதால் அந்த ஊர் நாய்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஆனால் திருமுல்லைவாயலில் கடிபட்டவர் பஸ் ஏறி உங்களிடம்தான் வந்து நிற்பார்.

இந்தப் பக்கத்திலேயே ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டருக்கு நர்ஸ் புத்தி சொல்வதா என்று நீங்கள் நினைக்கிற ஆள் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதல் தடவை கடிபட்டு வருகிறவரைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. சுவரில் ஒட்டியிருக்கிற அட்டவணை வழி சொல்லிவிடும்: இரண்டு கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி, 0, 3, 7, 28ஆம் நாட்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே ரேபிஸ் எதிர்ப்பு சீரம். இரண்டாவது, மூன்றாவது தடவை கடிபட்டு வருகிறவரிடம்தான் நாம் தடுமாறுகிறோம். இங்கே அப்படிப்பட்டவர்கள் அதிகம். விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிறவர், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து ராத்திரி சைக்கிளில் வீடு திரும்புகிறவர், குப்பை அள்ளுகிறவர், தெருநாய்க்குச் சோறு வைக்கிற அம்மா.

விதி சின்னது, உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்பு முழுத் தவணையும் போட்டவருக்கு மறுபடி கடித்தால் 0, 3 என்று இரண்டே நாள், ஒரே இடத்தில். சீரம் கிடையாது. அந்த 'முன்பு முழுத் தவணையும் போட்டவர்' யார் என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பட்டாபிராம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், கெண்டைக்காலில் கடி, ரத்தம். "முன்னாடி நாய் கடிச்சு ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். "போன வருஷமே போட்டுக்கினேன் சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான், ரெஜிஸ்டரில் 'முன்பு போட்டவர்' என்று எழுதி, ஒரு ஊசியைப் போட்டு, மூன்றாம் நாள் வரச் சொன்னேன். மூன்றாம் நாள் அவர் மனைவியும் கூட வந்தார். ஊசியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அந்தம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: "போன தடவை பரவால்ல, முனை கிளினிக்ல ஒரே ஊசியோட முடிஞ்சிது. ரெண்டு நாள் கையைத் தூக்க முடியலன்னாரு." எனக்குக் கை நின்றுவிட்டது. ஒரே ஊசி, கை கடுப்பு. அது டெட்டனஸுக்குப் போடுகிற டி.டி. ஊசி, தம்பி. அவரைப் பொறுத்தவரை நாய் கடித்தது, ஊசி போட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

நல்ல வேளை, ஏழு நாள் தாண்டவில்லை. அப்போதிருந்த டாக்டர் அன்றைய தேதியையே முதல் நாளாக வைத்துப் புதிதாகத் தொடங்கி, சீரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மனிதர் நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் ஒரு மாதம் சரியாகத் தூக்கம் இல்லை.

அதற்குப் பிறகு நான் "போட்டீங்களா?" என்று கேட்பதையே விட்டேன். "எத்தனை நாள் போனீங்க? ஒரு கையிலயா, ரெண்டு கையிலயுமா? போட்ட இடத்துல கொசுக்கடி மாதிரி குட்டியா எழும்புச்சா?" என்று கேட்பேன். தோலுக்குள் போடுவது எழும்பி அடங்கும், அரிக்கும். டி.டி. தசைக்குள் போகும், மறுநாள் வலிக்கும். தனியார் ஆஸ்பத்திரியில் ரேபிஸ் ஊசியையும் தசையில் போடுவார்கள். அங்கே கொப்புளம் இருக்காது, ஆனால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து தடவை அலைந்திருப்பார், ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்திருப்பார். காசு கொடுத்ததை யாரும் மறப்பதில்லை. "நாய் நல்லாத்தான் இருந்துது, ரெண்டோட நிறுத்திட்டேன்" என்பவரும் வருவார். பாதியில் நிறுத்தினவரைப் புதிதாகக் கடிபட்டவராகவே வைத்துத் தொடங்கச் சொல்கிறது நம் நாட்டு வழிகாட்டுதல்.

அறுபது தாண்டின பெரியவர்கள் சிலர் வேட்டியைத் தளர்த்தித் தொப்புளைக் காட்டுவார்கள். "சின்ன வயசுலயே 14 ஊசி வாங்கினவம்மா, இனிமே எந்த நாயும் என்னை ஒண்ணும் பண்ணாது." ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய ஊசி அது, 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கியது. 1907இல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிலையமும் அதைத் தயாரித்தது, பிற்பாடு செல் வளர்ப்பு ஊசிக்கு மாறியது. 2004-05இல் பழைய ஊசியை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். பெரியவர் பட்ட வலிக்கு மரியாதை கொடுங்கள், ஆனால் அந்தப் பதினாலையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருக்கு எல்லாமே முதலிலிருந்து.

நேர் எதிரான ஆளும் உண்டு. கொரட்டூரில் பத்துப் பன்னிரண்டு நாய்க்குச் சோறு வைக்கிற ஒரு அம்மா. நான்கு வருடத்தில் மூன்று தடவை கடி, மூன்று தடவையும் முழுத் தவணை, அதில் இரண்டு தடவை வேறெங்கோ சீரமும் போட்டிருக்கிறார்கள். எல்லாச் சீட்டையும் கிளிப் போட்டு வைத்திருந்தார். "கூடப் போட்டா பாதுகாப்புதானே சிஸ்டர்?" என்றார். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சீரம் என்பது பக்கத்து வீட்டில் வாங்குகிற குழம்பு. நம் வீட்டு உலை கொதிக்கிற வரைக்கும்தான் அது தேவை. முதல் தடவை கடிபட்டவர் உடம்பில் எதிர்ப்பொருள் ஊற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால் அவருக்கு வேண்டும். இந்த அம்மா உடம்பு ஏற்கெனவே பாடம் படித்தது, இரண்டு ஊசியில் கிடுகிடுவென்று ஏற்றிவிடும். இங்கே வீணாகிற சீரம், முகத்தில் கடிபட்டு முதல் தடவையாக வருகிற குழந்தைக்கு இல்லாமல் போகலாம். எச்.ஐ.வி. போன்ற காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குன்றினவர்கள் கணக்கு மட்டும் வேறு: முன்பு போட்டிருந்தாலும் முழுத் தவணை, சீரம் உட்பட.

இன்னொன்று, மூன்றாம் நாள் ஊசிக்கு வருகிறவரை "ஒருத்தருக்காக மருந்து வயல் திறக்க முடியாது, நாளைக்கு வாங்க" என்று அனுப்ப விடாதீர்கள். திறந்த வயல் ஆறேழு மணி நேரம்தான் தாங்கும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும், தெரியும். கொட்டட்டும். ஷிஃப்டை விட்டு வந்தவர் நாளைக்கு வரமாட்டார்.

பழைய ஆட்கள் எல்லாரும் ஒன்றுபோல் விட்டுவிடுவது கழுவுவதை. ஊசிதான் போட்டிருக்கே என்று ஒரு மெத்தனம். மிளகாய்த்தூள், காபித்தூள், சுண்ணாம்பு அப்பிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டில் தண்ணீரைச் சாய்த்துவிட்டு "கழுவிட்டேன்" என்பவர்கள் அதைவிட அதிகம். பத்தாவது கடியானாலும் ஓடுகிற குழாய்த் தண்ணீர், சோப்பு, பதினைந்து நிமிடம். கடிகாரம் பார்க்கச் சொன்னால் ஏமாற்றுவார்கள். செல்போனில் மூன்று சினிமாப் பாட்டு ஓடவிட்டு, மூன்றும் முடிகிறவரை காலைக் குழாய்க்கடியில் வைக்கச் சொல்வேன். 2025இல் கேரளத்தில் ஊசி போட்டும் குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது, "அப்போ ஊசியே வேஸ்ட்டா?" என்று உங்களிடமும் கேட்டிருப்பார்கள். தலை, முகத்தில் கடித்தால் கிருமிக்கு மூளை பக்கம்; ஊசி வேலை செய்யத் தொடங்கும் முன் அதைக் குறைக்கக் கையில் இருப்பது இந்தச் சோப்புத் தண்ணீரும் சீரமும்தான். அதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி உட்கார்ந்து சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. முழுத் தவணை முடிந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கடித்தால் ஊசியே வேண்டாம், காயத்தைக் கழுவினால் போதும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சரிதான். ஆனால் தாளைப் பார்க்காமல் என் கை சும்மா இருக்காது. பால் பாக்கெட் போடுகிற ஒருவர் மூன்றாவது கடியோடு வந்தார். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து மடிப்பு கிழிந்த ஓ.பி. சீட்டைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். நான்கு தேதியும் இருந்தன, நான்கிலும் கையெழுத்து இருந்தது. முதல் தேதி 17/3. வருடம் இல்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஒரு மே மாதம். போன மாதம் முடிந்த தவணையா, நான்கு வருடத்துக்கு முந்தியதா என்று அவருக்கும் தெரியவில்லை, சீட்டும் சொல்லவில்லை. இரண்டு ஊசியையும் போட்டே அனுப்பினோம்.

நீங்கள் எழுதுகிற சீட்டில் தேதியோடு வருடத்தையும், போட்டது எந்த ஊசி என்பதையும் எழுதுங்கள் தம்பி.

இப்படிக்கு,
உங்கள் சிஸ்டர்