போட்டோவுக்கு வராத பாப்பாவுக்கு



அக்கா கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுக்கும் நேரம் பார்த்து நீ பந்திப் பக்கம் போய்விட்டாய். இரண்டு தடவை ஆள் அனுப்பியும் வரவில்லை. முதல் நாள் நலங்கின்போது, "என்னடி இது, ஒரே வருஷத்துல இப்படி ஊதிட்டே?" என்று உன் பெரியம்மா கேட்டதும், சுற்றியிருந்தவர்கள் சிரித்ததும் எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் நிறத்தைச் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு வந்தாள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதை மறைக்கத்தான் என்று எங்களுக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அவளோடு உட்கார்ந்து பேசியபோது, தன் உடம்பைப் பற்றி, தனக்குப் பிடிக்காத வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள். அதுதான் என்னை உலுக்கியது.

சுடுபாத்திரத்தில் பட்ட கை தானாகவே விலகிக்கொள்கிறது இல்லையா? உடம்பு நம்முடையது, அதற்கு வலிக்கக் கூடாது என்ற எண்ணமும் அப்படி ஒரு காவல். உடம்பை வெறுக்க வெறுக்க அந்தக் காவல் தளர்கிறது. ஜெனிபர் மியூலன்காம்ப், ஏமி பிராஷ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. மனவேதனை உள்ள பிள்ளைகள் எல்லோரும் தங்களைக் காயப்படுத்திக்கொள்வதில்லை. வேதனைக்கும் காயத்துக்கும் நடுவே, தன் உடம்பைத் தான் எப்படிப் பார்க்கிறோம் என்பதும் நிற்கிறது. கண்ணாடியைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் எல்லோரும் அந்த வழியில் போய்விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வெறுப்பைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 14 வயதில் தன் உடம்பு பிடிக்காமல் இருந்தவர்களுக்கு 18 வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பையன்களுக்கும்தான். உன் தம்பியை "ஒல்லிக்குச்சி" என்று நாம் கூப்பிடுவதையும் நிறுத்த வேண்டும்.

இந்த வெறுப்பு உன்னோடு பிறந்ததில்லை, பாப்பா. பீஜித் தீவில் பூசினாற்போல இருப்பதுதான் நல்ல உடம்பு என்று காலங்காலமாக நினைத்து வந்தார்கள். அங்கே நத்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல் டிவி வந்தது. மூன்று வருடம் கழித்து ஆன் பெக்கர் என்ற மருத்துவர் பள்ளிப் பெண்களிடம் கேட்டபோது, 74 சதவீதம் பேர் தாங்கள் ரொம்பக் குண்டு என்று சில நேரமாவது தோன்றுவதாகச் சொன்னார்கள். நம் ஊரில், வெள்ளை நிறத்தைப் பெயரிலேயே வைத்து 1975 முதல் விற்ற கிரீம் 2020-இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. உன் அம்மாவும் நானும் அதைப் பூசித்தான் வளர்ந்தோம். இப்போது அந்த வேலையை உன் கையில் இருக்கும் போன் செய்கிறது. பார்த்து முடித்ததும் உன்னை நீயே குறைவாக நினைக்க வைக்கிற பக்கங்களை இன்றைக்கே எடுத்துவிடு.

"நீ அழகுதான்" என்று எழுதி இதை முடித்திருக்கலாம். நீ நம்ப மாட்டாய். அது மருந்தும் இல்லை. உடம்பை ரசிக்க முடியாத நாளிலும் அதைப் பேண முடியும். வேளைக்குச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு. உடம்பு உனக்குப் பிடித்த பிறகு இதையெல்லாம் செய்யலாம் என்று காத்திருக்காதே.

உன்னை நீயே நோகடித்துக்கொள்ளத் தோன்றினால், அந்த வேகம் ஏறியது போலவே இறங்கும். அதுவரை தனியாக இருக்காதே. அறையை விட்டு வெளியே வந்து யார் பக்கத்திலாவது உட்கார். என்னை எழுப்பு, எந்த ராத்திரியானாலும் சரி. என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 1098 குழந்தைகளுக்கான எண். ஏற்கெனவே ஏதாவது நடந்திருந்தால் ஏன் செய்தாய் என்று திட்ட மாட்டேன், காட்டு என்று கட்டாயப்படுத்தவும் மாட்டேன். மனநல மருத்துவரிடம் நானே கூட்டிப்போகிறேன். உன் தோழி யாராவது இப்படிச் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டால், அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யாதே. பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறேன். பேசத் தோன்றாவிட்டால் சும்மா உட்கார்ந்திரு, போதும். பெரியம்மாவிடம் நேற்றே பேசிவிட்டேன். இனி உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அத்தை