பல் வலியும் ஹலாலான உழைப்பும்



ஜும்ஆவுக்குக் குளித்து, நறுமணம் பூசி வந்திருக்கிறோம். இந்த இரண்டோடு மிஸ்வாக்கையும் சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடுமே என்பதால்தான் ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்காமல் விட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). உலகைப் பிரியும் நேரத்திலும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மிருதுவாக்கிக் கொடுத்த குச்சியால் பல் துலக்கினார்கள்.

இந்த சுன்னத்தை உளூவோடு நிறுத்திவிட்டோம். நம் பிழைப்புக்கும் வாய்க்கும் உள்ள தொடர்பை யோசிப்பதில்லை.

மதரஸா உஸ்தாதையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே புள்ளி வைத்த ஸா, தால், ளா மூன்றும் நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டால்தான் சரியாக வரும். ஃபாவுக்கு மேற்பல் கீழுதட்டில் பட வேண்டும். முன்பல் விழுந்தால் அவருடைய தொழிலே ஆட்டம் காண்கிறது. ஜவுளிக்கடையில் நிற்கும் தம்பியும் அப்படித்தான். வாய் நாற்றம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். வாடிக்கையாளர் ஓரடி பின்னால் நகர்வார், முதலாளி அவரைக் குடோனுக்கு மாற்றுவார். வெங்காயம், பூண்டு பச்சையாகத் தின்றவர் பள்ளிக்கு வர வேண்டாம் என்ற கட்டளை, பக்கத்தில் நிற்பவரின் சிரமத்தையும் எண்ணித்தான்.

தினக்கூலிக்காரரின் நிலை இன்னும் கடினம். சொத்தை மேற்பூச்சில் இருக்கும்வரை வலிக்காது. உள்ளே இறங்கியதும் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். அப்போதே போனால் பெரும்பாலும் ஒரே தடவையில் அடைத்துவிடலாம். ஆனால் அந்த அரைநாள் கூலிக்குப் பயந்து கிராம்பையும் வலி மாத்திரையையும் வைத்து ஓட்டுகிறார். நரம்பைத் தொட்டபின் இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் அதே கண்ணோடு சாரத்தில் ஏறுகிறார், லாரி ஓட்டுகிறார். பிறகு வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை அலைய வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும். அரைநாளை மிச்சம் பிடிக்கப் போய் பல நாள் கூலி போகிறது. வளைகுடாவில் இருக்கும் நம் சகோதரர்கள் பலர், அங்கே செலவு தாங்காது என்று ஊருக்கு வரும் விடுமுறைவரை பொறுத்துக்கொள்கிறார்கள்.

தூக்கம் வராமலிருக்க ஹான்ஸ், பாக்கு அடக்கும் ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. வாயைத் திறந்து மூன்று விரலை நெட்டுக்குத்தலாக வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், காரம் பட்டு எரிகிறது என்றால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.

முதலாளிமார்களே! உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறி அவர்களைச் சுமக்கச் செய்யாதீர்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களின் அறிவிப்பு வந்திருக்கிறது. கன்னம் வீங்கி நிற்பவரை மூட்டை தூக்கச் சொல்வதும் இதில் சேரும். சம்பளம் பிடிக்காமல் அரைநாள் அனுப்பிவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போனால்தான் சீட்டு கிடைக்கும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒன்று. இதய அறுவைக்கு பைத்துல்மாலில் மனு வருகிறது. பல்லுக்கு யாரும் கேட்பதில்லை, வெட்கப்படுகிறார்கள். ஏழைக்குரிய ஜகாத்தில் இதற்கும் இடமுண்டு. அவர்கள் மனு எழுதும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள்.