காசோலைக்குப் படம் உண்டு, வரிக்கு இல்லை

கிணத்துக்கடவு வட்டாரத்தில் ஒரு கம்பெனி அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டிக்கொடுத்தால், மறுநாள் மாவட்டச் செய்தியில் ரிப்பன் வெட்டும் படம் வந்துவிடும். பள்ளிக்கூடம் யார் காசில் நடக்கிறது என்பது மட்டும் அந்தப் படத்தில் தெரியாது.

நம்பிக்கை: பள்ளி வரியெல்லாம் அமெரிக்காவில்தான்.
உண்மை: ஒஹையோ போன்ற மாநிலங்களில் பள்ளி வரியை உயர்த்த ஊர்மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். இங்கே ஓட்டெடுப்புதான் இல்லை. கல்வி வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு 1920-ஆம் ஆண்டின் சென்னை தொடக்கக் கல்விச் சட்டமே தந்துவிட்டது. கோவை மாநகராட்சி வாங்கும் சொத்து வரிக்குள் கல்வி வரியும் அடங்கியிருக்கிறது.

நம்பிக்கை: வீட்டு வரியோடு கட்டும் நூலக வரி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது.
உண்மை: 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வசூலாகும் வரி அது, வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. போய்ச் சேருவது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு.

நம்பிக்கை: வருமான வரியில் பிடிக்கும் கல்வி செஸ் நம் ஊருக்குத் திரும்பி வரும்.
உண்மை: 4 சதவீத சுகாதார, கல்வி செஸ் முழுக்க ஒன்றிய அரசுடையது, மாநிலங்களுக்குப் பங்கிடும் தொகுப்பில் சேராது. 'சமக்ர சிக்‌ஷா' போன்ற திட்டங்கள் வழியாகத்தான் பணம் இறங்கும். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-இல் 'சமக்ர சிக்‌ஷா' பணம் சுமார் 2,150 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டதை மறக்க முடியுமா?

நம்பிக்கை: கம்பெனிக்காரர்கள் மனசு வைத்துத் தருகிறார்கள்; அவர்கள் இல்லாவிட்டால் பள்ளியே நடக்காது.
உண்மை: கோவையின் பி.எஸ்.ஜி. குடும்பம் 1926-இல் அறக்கட்டளை தொடங்கியபோது எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்று நிலைமை வேறு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். அந்தப் பணத்தை அரசுப் பள்ளிகள் பக்கம் திருப்பத்தான் 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது. கழிப்பறையும் ஸ்மார்ட் கிளாஸும் வரட்டும், நல்லதுதான். ஆனால் மாதம் தவறாத ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து, அதாவது நம் வரியிலிருந்து வருகிறது. எந்தப் பள்ளிக்குக் கொடுப்பது, எந்த வருடம் நிறுத்துவது என்பது கம்பெனியின் விருப்பம். சம்பளத்தை அப்படி நிறுத்த முடியாது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அடுத்த கூட்டத்தில் நன்கொடைக் கட்டடத்தின் கரண்ட் பில்லையும் பராமரிப்பையும் யார் பார்ப்பது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.