காட்டுப் பியோனியில் தோற்ற வேற்றுமையும் மரபு வேற்றுமையும்

ஓர் இனச் செடிகளின் தோற்றத்தில் வேற்றுமை மிகுந்திருப்பின், அவற்றின் மரபணுக்களிலும் அதே அளவு வேற்றுமை இருக்கும் எனக் கொள்வது இயல்பு. இக்கருத்து எப்போதும் பொருந்துவதில்லை என்பதற்குத் தென்மேற்குச் சீனத்தின் காட்டுப் பியோனிகள் தக்க சான்றாகும்.

யூனான், சிச்சுவான், திபெத் ஆகிய பகுதிகளின் மலைகளில் வளரும் டெலவே பியோனி ஒரு புதர்ச்செடி. ஓரிடத்தில் அதன் மலர் மஞ்சள், வேறிடத்தில் கருஞ்சிவப்பு, இடையில், மஞ்சள் இதழின் அடியில் சிவப்புத் திட்டுடையவையும் உள்ளன. இலைப் பிளவுகளின் அகலமும் இவ்வாறே மாறுபடும். இவ்வேறுபாடுகளைக் கொண்டு முன்னைய தாவரவியலார் இதனைப் பல இனங்களாகப் பிரித்தனர். ஹோங் தே-யுவானும் அவருடன் பணியாற்றியோரும் பல இடத்துச் செடிகளை ஒப்பிட்டு, பண்புகள் இடைவெளியின்றித் தொடர்வதைக் கண்டு, 1998-இல் அவற்றை ஒரே இனமாக்கினர்.

இச்செடி விதையைவிட மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளாலேயே பெரிதும் பரவுகிறது. ஆகவே சரிவொன்றில் நூறு தண்டுகளை எண்ணும் அலுவலர் நூறு செடிகள் எனப் பதிவு செய்தால், கணக்கு பிழையாகலாம். அவை மரபால் ஒரே செடியாக இருக்கக்கூடும். தலைகளை எண்ணிப் பழகிய என்போன்ற பொருளாதாரத் துறையினருக்கு இது சற்றுச் சங்கடமான செய்தியே.

திபெத்தின் தென்கிழக்கில், நாம் பிரம்மபுத்ரா என அழைக்கும் யார்லுங் சாங்போ நதியின் பள்ளத்தாக்கை ஒட்டி வளரும் லட்லோ பியோனியின் நிலை வேறு. ஆளுயரத்தை விஞ்சும் இப்புதரில் மலர் எங்கும் மஞ்சளே. இது விதையால் மட்டுமே பெருகும். இயற்கையில் சில இடங்களில்தான் உண்டு. லட்லோவும் ஷெரிஃபும் 1936-இல் இதன் விதையைச் சேகரித்தனர். இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. அத்தோட்டச் செடிகள் சில சேகரிப்புகளின் வழிவந்தவையாதலால், அவை பெருகியதைக் கொண்டு இனம் காக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது.

இவ்வேற்றுமைக்குச் சந்தை மதிப்பும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லெமுவான் நாற்றங்கால், மஞ்சள் காட்டுப் பியோனியைத் தோட்ட ரகங்களுடன் கலந்து மஞ்சள் மலர் ரகங்களை உருவாக்கியது. சீனம் 2011-இல் பியோனி விதை எண்ணெயை உணவுப் பொருளாக ஏற்றது. மறுபுறம், மருந்துக்கென வேர்ப்பட்டையை எடுப்போர் செடியையே பெயர்த்தெடுக்கின்றனர். விதையால் மட்டும் பெருகும் இனத்தில் இவ்விழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். பியோனி விதை முளைத்துப் பூக்கும் நிலையை அடைவதற்கே சில ஆண்டுகள் வேண்டும்.

எனவே விதை சேகரிக்கும்போது ஒரே சரிவில் பல தண்டுகளில் எடுப்பதினும், ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பள்ளத்தாக்குகளில் சிறிது சிறிதாக எடுப்பதே பொருந்தும். செலவு கூடுதல்தான், ஆயினும் நிதி ஒதுக்குவோர் அச்செலவைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.