பீடித்தட்டும் முழங்காலும்: தரையில் உட்காரச் சில குறிப்புகள்

வீரகேரளம்புதூர்ப் பக்கம் மத்தியான நேரத்தில் தெருவில் நடந்தால், திண்ணையில் பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். தரையில் உட்காருவது உடம்புக்கு நல்லது என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். இடுப்புவலியே அங்கிருந்துதானே வந்தது! தரைமேல் குற்றமில்லை, மணிக்கணக்காக ஒரே இருப்பில் இருப்பதுதான் கோளாறு.

1. காலை நீட்டி உட்காரும்போது தொடையின் பின்பக்கத் தசை இழுபட்டு இடுப்பைப் பின்னால் சாய்க்கும். முதுகு தானாகக் கூனுவது அதனால்தான். போர்வையை மடித்து நாலு விரல் உயரத்துக்குப் போட்டு அதன்மேல் உட்காருங்கள், முதுகைச் சுவரில் சாயுங்கள். தட்டுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கழுத்து அவ்வளவு குனியாது. ஒரு கட்டு முடிந்ததும் இருப்பை மாற்றுங்கள்: நீட்டியிருந்தால் சம்மணம், சம்மணமென்றால் ஒரு பக்கமாக மடக்கி. இலை, தூள், நூல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர்ச் செம்பு மட்டும் அடுப்படியிலேயே இருக்கட்டும். தாகத்துக்காவது எழுந்திருப்பீர்கள்.

2. சம்மணம் போடும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே தூக்கி நின்றால், அதே போர்வைதான் மருந்து. இன்றைக்கு வலக்கால் முன்னால் என்றால் நாளைக்கு இடக்கால்.

3. குத்தவைத்து உட்காரும்போது குதிகால் தரையில் படியவேண்டும். வீட்டில் மேற்கத்திய கழிப்பறை வந்தபிறகு பலருக்கு இந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று. கணுக்கால் இறுகி, குதிகால் தூக்கிக்கொள்கிறது. குதிகாலுக்கு அடியில் ஒரு பலகையை வையுங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கி, 20 விநாடி இருந்துவிட்டு எழுந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பழகப் பழகப் பலகை தேவைப்படாது. அதற்காக நாள் முழுக்கக் குத்தவைக்கவும் கூடாது. இளவயதில் தினமும் பல மணி நேரம் அப்படி உட்கார்ந்தவர்களுக்கு வயதான காலத்தில் மூட்டுத் தேய்மானம் அதிகம் என்று பெய்ஜிங்கில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

4. வாரம் ஒருமுறை இதைச் சோதித்துப் பாருங்கள். கை ஊன்றாமல், முழங்காலைத் தாங்கலாகக் கொள்ளாமல் தரையில் உட்கார்ந்து எழுங்கள். உட்கார 5 மதிப்பெண், எழ 5. ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒன்று குறையும், தள்ளாடினால் அரை குறையும். பிரேசில் மருத்துவர் கிளாடியோ ஜில் அராவுஜோவின் குழு 51 முதல் 80 வயதுவரையான 2002 பேரிடம் இதைச் செய்து 2012இல் முடிவை வெளியிட்டது. மதிப்பெண் குறைந்தவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. பயந்துவிடாதீர்கள், கால் வலு, சமநிலை, எடை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுகிற சோதனை இது. வயதானவர்கள் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு செய்யட்டும்.

5. அருவாமணையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஒரு கால் மடங்கி, ஒரு முழங்கால் நிமிர்ந்து உட்காரும் அந்த இருப்பு இடுப்பு மூட்டை நன்றாக விரிக்கும். ஆனால் எப்போதும் ஒரே கால்தான் மடங்கும். காய் நறுக்கி முடித்ததும் மறுகாலை மடக்கிச் சற்றுநேரம் இருங்கள்.

6. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், முழங்கால் வீங்கியிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குத்தவைக்க வேண்டாம். கால் மரத்தால் உடனே எழுந்து நடக்காமல், முதலில் நீட்டி உதறுங்கள். நெடுநேரம் குத்தவைத்தால் முழங்காலின் வெளிப்பக்க நரம்பு நசுங்கும். பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.